வழியில் தின்ற பலாச்சுளை

1. பிடிக்கிற ஆள்

மலைமேல் உள்ள ஆஸ்பத்திரியில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், எனக்குக் கொடுத்த வேலை பிடிப்பது. குழந்தைக்குத் தையல் போடும்போது அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அன்று வந்தவன் நாலு வயதுப் பையன். அரிவாள்மணையில் விழுந்து நெற்றி கிழிந்திருந்தது. நான் தலையைப் பிடித்தேன், அவன் மாமா காலைப் பிடித்தார். தையல் முடிவதற்குள் கத்திக் கத்தி அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"நல்ல புடிங்க, அசைய உடலியே!" என்று மாமா பாராட்டினார். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் ஊர் இதே மலையில் உள்ள திருப்புலி நாடு. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கூச்சக்காரன், நாலு பேர் முன்னால் பேச வராது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக எழுதிக் கொடுக்கச் சொல்லி எங்கள் வார்டு சிஸ்டர் வற்புறுத்தியதால் எழுதுகிறேன்.

2. கண்ணாடி முன்னால்

நான் சேர்ந்து சில வருஷம் கழித்து ஒரு டாக்டரம்மா வந்தார். முதல் வாரமே என் கையை எடுக்கச் சொல்லிவிட்டார்.

"அண்ணா, வலிக்கு மருந்து குடுத்துட்டா எதுக்குப் பிடிக்கணும்?"

காயத்தின்மேல் மரத்துப்போக வைக்கும் ஜெல்லைத் தடவிக் காத்திருந்தோம். குழந்தை அம்மா மடியில் இருந்தபடியே தையல் முடிந்தது. எலும்பைச் சரிசெய்வது போன்ற பெரிய வேலைக்கு மயக்க ஊசி.

"மயங்க வைக்கிறது சுலபம். மூச்சு போற வழியைத் திறந்து வைக்கிறதுதான் வேலை. அதுக்குத் தலைமாட்டுல ஒரு ஆள் வேணும். அது நீங்கதான்" என்றார்.

மலைக்குக் கீழே படித்துவிட்டு வந்தவர்கள் இருக்கும்போது நானா என்று பயந்தேன். அவர் விடவில்லை. மயக்கத்தில் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். அப்போது தாடை எலும்பைப் பிடித்து மேலே தூக்க வேண்டும். அடியில் உள்ள சதையை அழுத்தினால் வழி இன்னும் அடைபடும். வீட்டில் கண்ணாடி முன் நின்று என் தாடையிலேயே பழகினேன்.

"ஏனுங்க, பல்லு வலியா? இல்ல அழகு பாக்கறீங்களா?" என்றாள் என் மனைவி.

"ரெண்டும் இல்ல."

"அப்பக் கண்ணாடிய உடுங்க, நான் பொட்டு வெக்கோணும்."

3. பவித்ரா

போன மிளகு பறிப்பின்போது, பவித்ரா என்ற ஆறு வயதுக் குழந்தையை அவள் அப்பா தூக்கிக்கொண்டு வந்தார். மிளகு பறிக்கிற மூங்கில் ஏணியில் விளையாட்டாக ஏறி விழுந்திருக்கிறாள். முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்து கை கோணிக் கிடந்தது. விரல்கள் வெளுத்துச் சில்லென்றிருந்தன.

டாக்டரம்மா நாடியைத் தொட்டுப் பார்த்தார். "ரத்தம் போகலை. சேந்தமங்கலம் இறங்கி நாமக்கல் போய்ச் சேர்ற வரைக்கும் இந்தக் கை தாங்காது. இங்கேயே நேராக்கிட்டு அனுப்பலாம்." மூக்கில் வலி மருந்தைத் தெளித்தார். அழுகை குறைந்தது.

"பாப்பா கடைசியா எப்பச் சாப்பிட்டா?" என்று சிஸ்டர் கேட்டார்.

"காலையில இருந்து பச்சத்தண்ணி கூடக் குடிக்கலீங்க" என்றார் அப்பா.

சிஸ்டர் 'வெறும் வயிறு' என்று எழுதினார். எனக்கு உறுத்தியது. வயிற்றில் எதாவது இருந்தால் மயக்கத்தில் வாந்தி வந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். குழந்தை அழுதால் எங்கள் ஆட்கள் வாயில் எதையாவது கொடுக்காமல் கூட்டிவர மாட்டார்கள். வரும் வழியில் சோளக்காடு என்ற ஊரில் பஸ் நிற்கும், பழக்கடை ரோட்டோரம்தான். அவளுடைய நல்ல கையைத் தொட்டேன். பலாப்பழம் தின்ற கைபோலப் பிசுபிசுவென்று ஒட்டியது.

டாக்டர் முன்னால் குறுக்கே பேசி எனக்குப் பழக்கமில்லை. ஊசி தயாராகிக்கொண்டிருந்தது. குனிந்து அவளையே கேட்டேன்.

"சோளக்காட்டுல எத்தன சொள தின்ன கண்ணு?"

"அஞ்சு" என்றாள்.

அப்பா தலையைக் குனிந்தார். "அழுவறாளேன்னு வாங்கிக் குடுத்தேனுங்க. சொன்னா ஊசி போடாமத் திருப்பி அனுப்பிருவீங்கன்னு..."

டாக்டர் திட்டவில்லை. "கை காத்திருக்காது, போட்டுத்தான் ஆகணும். ஆனா இப்ப நமக்குத் தெரியும். சக்‌ஷனை ஆன் பண்ணுங்க. அண்ணா, வாந்தி வந்தா உடனே ஒருக்களிச்சுத் திருப்பணும்." அப்பாவிடம், "இந்த மயக்கத்துல கண்ணு திறந்தே இருக்கும், பயப்படாதீங்க" என்றார்.

மருந்து ஏறியது. டாக்டர் கையை மெதுவாக இழுத்து நேராக்கினார். அப்போது குறட்டைபோல ஒரு சத்தம் வந்து, நின்றது. மிஷினில் ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு என்றே காட்டியது. ஆனால் நெஞ்சு ஏறவில்லை; மூச்சு நின்றதை மிஷின் தாமதமாகத்தான் காட்டும்.

"மூச்சு இல்லீங்க!" என்று கத்தினேன். கத்தும்போதே தாடையைத் தூக்கிவிட்டேன். அடுத்த நொடி காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டது, நெஞ்சு எழும்பியது.

கொஞ்ச நேரத்தில் அவளுக்கு வயிறு புரண்டது. திருப்பினேன். மஞ்சள் மஞ்சளாகப் பலாச்சுளை வந்தது. சிஸ்டர் சக்‌ஷன் குழாயால் வாயைச் சுத்தம் செய்தார். ஒரு துளி கூட மூச்சுக்குழாய்க்குள் போகவில்லை. திரும்பிப் பார்த்தால், வெளுத்த விரல்களில் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. டாக்டர் நாடியைத் தொட்டுவிட்டு, சின்னப்பிள்ளை மாதிரி, "வந்துருச்சு! வந்துருச்சு!" என்றார்.

பவித்ரா விழித்ததும் கேட்டாள். "எப்பக் கைய இழுப்பீங்க?"

"இழுத்தாச்சு சாமி" என்றேன்.

"பொய்யி" என்றாள்.

ஆம்புலன்ஸில் ஏற்றும்வரை அவள் நம்பவில்லை. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அப்பா மட்டும் அழுதார்.

இப்போது எங்கள் வார்டில் 'சாப்பிட்டாச்சா' என்பதோடு விடுவதில்லை. 'வழியில் என்ன வாங்கிக் கொடுத்தீங்க' என்றும் கேட்கிறோம், அதட்டாமல். புதிதாக வருகிறவர்களுக்கு இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். மிஷினைப் பார்க்கும் முன் நெஞ்சைப் பாருங்கள். தெரிந்ததைச் சத்தமாகச் சொல்லுங்கள். டாக்டர் முன்னால் வாய் திறக்க எனக்குப் பதினோரு வருஷம் ஆயிற்று. உங்களுக்கு முதல் நாளே வரட்டும்.