சீட்டில் விரித்த பேப்பர்

பட்டாசு ஆலையில் வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்தவர் அம்மா. ஆனால் நான் வாங்கிய பழைய பிரெஞ்சு காரில் அம்மா ஏறும்போதெல்லாம், சேலையில் ஒட்டிய பட்டாசு மருந்தின் வெள்ளிப்பொடி படாமலிருக்க, சீட்டில் பேப்பர் விரிப்பேன்.

ஒருநாள் ஆமத்தூர் அருகே கியர்பாக்ஸ் சூடேறி, கார் நடுரோட்டில் நின்றுவிட்டது. வேலை முடிந்து வந்த பட்டாசு ஆலை வேனிலிருந்து பெண்கள் இறங்கி வந்தார்கள்.

"ஆட்டோமேட்டிக் வண்டி, அக்கா. தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது" என்றேன்.

"ஆகாட்டிப் போகுது. லாரிக்காரன் இடிக்கதுக்குள்ள ஓரங்கட்டுவோம். நீங்க நியூட்ரல்ல போடுங்க தம்பி!"

சொன்ன அக்கா தன் கையைப் பார்த்தார். "பொடியா இருக்கு" என்று முந்தானையைக் கார்மேல் வைத்து, அதன்மேல் கையூன்றித் தள்ளினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

கார் சரியானதும் அம்மாவை அழைக்க ஆலைக்குப் போனேன்.

"ஏலே, பேப்பர எங்க?"

"வேண்டாம்மா, சும்மா உக்காரு."

உட்கார்ந்தார். ஆனால் இன்றுவரை சாய்ந்து உட்காருவதில்லை. அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவன் நான்தான்.