அகலக்கண்ணர் வீடு பார்த்த படலம்

அகலக்கண்ணர் என்பது வீட்டில் வைத்த பெயரல்ல; வாடகைத் தரகு அலுவலகத்தில் சக ஊழியர்கள் சூட்டிய பட்டம். விளம்பரத்துக்காக வீடுகளைப் படம் எடுப்பது அவருடைய உத்தியோகம். அவர் லென்ஸுக்கு முன்னால் தீப்பெட்டியை வைத்தாலும் திருமண மண்டபமாகிவிடும். படம் எடுத்த கையோடு கணினி முன் உட்கார்ந்து, சுவரின் ஈரக்கறை, கூரை விரிசல், எதிர்வீட்டுக் கொடியில் காயும் பனியன் எல்லாவற்றையும் பொறுமையாகத் துடைத்தெடுப்பார். இருபத்திரண்டு வருடச் சேவை. அவர் துடைத்த ஈரத்தைப் பிழிந்தால் ஒரு குளம் நிரம்பும்.

இப்பேர்ப்பட்டவரைக் கேட்காமல் உறவில் யாரும் வீடு பார்ப்பதில்லை. கேட்காதவர்களையும் அவர் விடுவதில்லை. "நேர்ல பாக்காம காசு குடுக்காதே. தனியாப் போகாதே. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ரெண்டு வார்த்தை விசாரி. ஓனர் வெளிநாட்டுல இருக்கேன்னு சொன்னானா, போனை வை." சரக்கு வண்டி ஓட்டும் மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு, இது தலைகீழாகவே மனப்பாடம்.

அவர் மட்டும் எட்டு வருடமாக ஓர் ஈரச் சுவரோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். அந்தச் சுவரோரம் படுத்துப் படுத்து மனைவிக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. டாக்டர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: "இனிமே மருந்தை மாத்திப் பிரயோஜனமில்லை. சுவரை மாத்துங்க."

மாற்றக் கிளம்பினார். பதினெட்டு வீடுகள் பார்த்தார். எந்த வீட்டில் எந்த மூலையில் ஈரம் என்று அவருக்கு அத்துப்படி, தானே துடைத்ததாயிற்றே. ஒன்றும் தேறவில்லை.

ஒரு மாலை, கைப்பேசியில் ஒரு விளம்பரம் வந்தது. பெரிய ஜன்னல், தரையில் கோடு கோடாக வெயில். அகலக்கண்ணர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"ஏய், இது என் படம்! ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்தது. இந்த வெயிலுக்காக ஒரு மணி நேரம் காத்துக்கிட்டு நின்னேன்."

"எதுக்கும் ஒரு நடை நேர்ல போய்..." என்று இழுத்தாள் மனைவி.

"நேர்ல பாத்ததாலதானே படமே எடுத்தேன்? நான் பாத்ததைத்தான் நீ இப்பப் பாத்துட்டிருக்கே."

மனைவி மூச்சு மருந்தைத் தேடி எடுத்து உறிஞ்சினாள்.

போனில் பேசிய ஓனர் வெளிநாட்டில் இருந்தார். குரல் தேன் மாதிரி இருந்தது. "நாளைக்கே அட்வான்ஸ் அனுப்பறேன்னு ரெண்டு பேர் நிக்கறாங்க சார். உங்க குரலைக் கேட்டா குடும்பஸ்தர் மாதிரி இருக்கு, அதான் யோசிக்கறேன்." குடும்பஸ்தர் அன்றே அட்வான்ஸை அனுப்பினார்; கேட்டதற்கு மேலாக அடையாள அட்டையின் நகலையும் அனுப்பினார். சாவி தபால் பெட்டியில் இருக்கும் என்று உத்தரவாயிற்று.

பழைய வீட்டுக்காரர் இன்னொரு வகை. "அடுத்த ஆள் வந்தாத்தான் உங்க அட்வான்ஸைத் திருப்பித் தருவேன்" என்றார். அகலக்கண்ணர் அசரவில்லை. தன் அறையைத் தானே படம் எடுத்தார். எட்டு வருட ஈரத்தை இருபது நிமிடத்தில் துடைத்தார். மறுநாளே ஓர் இளம் தம்பதி வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை மச்சானின் வண்டியில் கட்டில், பீரோ, நடுவில் மனைவி, மூச்சு மருந்து சகிதம் புது வீட்டு வாசலில் போய் இறங்கினார்கள். தபால் பெட்டியில் ஒரு மின்சார பில் மட்டும் இருந்தது. அழைப்பு மணியை அழுத்தினார். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே ஒரு பெண் கதவைத் திறந்தாள். வண்டியைப் பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"நீங்க மூணாவது வண்டி. மொதல்ல வந்தவங்க பீரோவை இறக்கியே வச்சுட்டாங்க."

"விளம்பரம்... படம்..."

"படம் எங்க வீட்டுதுதான். எவனோ திருடிப் போட்டு எல்லார்கிட்டயும் காசு பிடுங்கறான். அவன் கிடக்கட்டும். இந்தப் படத்தை எடுத்தவன் யாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க. ரெண்டு வருஷமா தேடறேன். உள்ள வந்து பாருங்க."

ஜன்னலுக்குக் கீழே சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை பூத்திருந்தது. அகலக்கண்ணருக்கு அந்தக் கறையை நன்றாகத் தெரியும்; வெயிலின் ஞாபகத்தில் அதை மறந்தே போயிருந்தார். துடைக்க அரை நாள் பிடித்த கறை.

"எப்படிப்பட்ட ஆளுங்கல்லாம் இருக்காங்க பாருங்க!" என்றார், மிகுந்த வருத்தத்தோடு.

வெளியே வந்தபோது மச்சான் வண்டிச் சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "போலீஸ்ல சொல்லலாம் மாமா. ஆனா படம் எடுத்தது யாருன்னு கேப்பாங்களே?"

போக வேறு இடமில்லாமல் வண்டி பழைய அறைக்கே திரும்பியது. அங்கே இளம் தம்பதி பெட்டியோடு நடு அறையில் நின்று, கைப்பேசியையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதுல சுவர் வெள்ளையா இருக்கே?" என்றாள் அந்தப் பெண்.

"அது இவரோட கைவண்ணம்மா" என்றாள் அகலக்கண்ணரின் மனைவி. "எட்டு வருஷம் இதுகிட்ட படுத்தவ சொல்றேன், பெட்டியைத் திறக்கா..." மிச்சத்தை இருமல் சொல்லி முடித்தது.

அவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். நேரில் பார்த்த பிறகுதான் காசு என்று முன்பே கறாராகச் சொல்லியிருந்தார்களாம். யார் சொல்லிக் கொடுத்ததோ.

வீட்டுக்காரர் வாசலில் நின்று யோசித்தார். "சரி, நீங்களே இருங்க. ஆனா படத்தைப் பாத்துட்டு நாப்பது பேர் போன் பண்ணிட்டாங்க. இனிமே அந்தப் படத்துல இருக்கற வீட்டுக்கு என்ன வாடகையோ, அதுதான். அட்வான்ஸும் அதுக்குத் தக்கபடிதான்; உங்க பழைய பணம் அதுல சேர்ந்துக்கும்."

அகலக்கண்ணர் தலையாட்டினார். கட்டிலை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் அறை அதே சின்ன அறையாகவே இருந்ததால், அது பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. மனைவி சுவர்ப் பக்கம் படுத்து, மருந்தை இரண்டு முறை உறிஞ்சிவிட்டு, மெல்லக் கூப்பிட்டாள்.

"ஏங்க, அந்தக் கம்ப்யூட்டரை இப்படிக் கொண்டு வாங்களேன். இந்தப் பக்கம் கொஞ்சம் துடைச்சு விடுங்க. நான் மூச்சு விட்டுக்கறேன்."