திறக்காத சாயப் போத்தல்

இரண்டு ஊக்குகளை உதட்டில் கவ்வியபடி அன்னலட்சுமி பாடசாலைச் சீருடையின் கீழ்மடிப்பைப் பிரிக்கிறாள். இது நான்காவது தடவை. இந்தச் சினிமாப் படத்தில் நடப்பது மூன்று மாதக் கதை. எடுப்பதோ சனி ஞாயிறுகளில், பதினான்கு மாதமாக. அதற்குள் நடிக்கும் சிறுமி தனுஷியா நான்கு விரற்கடை வளர்ந்துவிட்டாள்.

"கொஞ்சம் வளராம இருடி, புண்ணியமாப் போகும்," என்பாள் அன்னலட்சுமி அவளிடம்.

கட்டுகஸ்தோட்டையில் தையல்கடை வைத்திருப்பவள். ஒரு நாவலைப் படமாக்கப் போவதாகச் சொல்லி, உடுப்புகளைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று பாடசாலை ஆசிரியர் கஜேந்திரன் வந்து கேட்டபோது, புத்தகத்தை வாங்கி, சிறுமி என்னென்ன உடுத்துகிறாள் என்பதை மட்டும் அடிக்கோடிட்டாள். ஒவ்வொரு காட்சிக்கு முன்னும் பின்னும் உடுப்பைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்வாள். அறுந்த பொத்தானை அறுந்தபடியே காப்பாற்றுவாள். பயம் வந்தால் ஊசியில் நூல் கோர்ப்பாள். தைக்க ஒன்றும் இருக்காது.

பயமெல்லாம் தனுஷியாவின் அப்பா வீரய்யாவால். முதல் நாளே சொல்லிவிட்டார்: "புள்ள பெரியாளாகுற வரைக்கும்தாங்க. ஆகிட்டா அந்த நிமிஷமே கூட்டிக்கிட்டுப் போயிருவேன். சடங்கு செஞ்சு தண்ணி ஊத்தினப்புறமும் வரமாட்டா."

ஒவ்வொரு படப்பிடிப்புக்கும் வந்து பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து மகளையே பார்த்துக்கொண்டிருப்பார். அன்னலட்சுமியின் தையல் பைக்குள் ஒரு வருடமாக நாப்கின் பாக்கெட் ஒன்று கிடக்கிறது. கஜேந்திரனுக்குக்கூடத் தெரியாது.

கடைசி நாள், ஹந்தானை மலையில் ஒரே காட்சிதான் பாக்கி: கதையின் சிறுமி வயதுக்கு வருவது. அது இல்லாவிட்டால் படமே இல்லை. அதற்காகச் சிவப்புச் சாயம் கலக்கிப் போத்தலில் வைத்திருந்தாள். மூடி இன்னும் திறக்கவில்லை. படியில் உட்கார்ந்திருந்த தனுஷியா எழுந்தாள். வெள்ளைச் சீருடையின் பின்புறம் சிவந்திருந்தது.

பிள்ளைக்கும் விளங்கிவிட்டது.

"ஆன்ட்டி, அப்பாகிட்ட சொல்லாதீங்க. இத மட்டும் நடிச்சிடுறேன்."

"தலை சுத்துதா?"

"இல்ல. வயிறுதான் கொஞ்சம் வலிக்குது."

"பையில எல்லாம் இருக்கு. அசையாம நில்லு."

பின்னால் கதிரை நகர்ந்த சத்தம். வீரய்யா எழுந்து வந்துகொண்டிருந்தார்.

"என்னங்க அது, உடுப்புல?"

அன்னலட்சுமி சாயப் போத்தலை எடுத்தாள். மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தாள். அவர் பார்க்கப் பார்க்க, சிவந்த இடத்தின் மேலேயே சாயத்தை ஊற்றினாள்.