ஓம் என்றால் ஆம்

உங்கள் அலுவலகத்தில் ஒரு தமிழ்ப் பெண் கடினமான வேலையைச் சரியாக முடித்தால், அதற்கான காரணத்தை எங்கே தேடுவீர்கள்? அவள் மூளையிலா, அவள் மதத்திலா?

நிலோஜினி புலம்பெயர்ந்த பெற்றோருக்குச் சோலோதுர்ன் நகரில் பிறந்தவள். கடவுள் நம்பிக்கை இல்லாதவள். அங்குள்ள திரிம்பாக் ஊர்த் தமிழ்க் கோயிலுக்குப் போனாலும் சோற்றுக்கு மேல் எதையும் எதிர்பார்ப்பதில்லை. டீட்டிகோனில் ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனத்தில் கணினிப் பொறியாளர். எந்தத் தகவல் எந்தக் கிளைக்குப் போகவேண்டும் என்று சொல்லும் அமைப்புகளைப் பழைய சேர்வரிலிருந்து புதியதற்கு மாற்றும் பொறுப்பு அவளுடையது. மவுசால் ஒவ்வொன்றாக மாற்றினால் பனிக்காலமே முடிந்துவிடும். அவள் கறுப்புத் திரையில் கட்டளை எழுதி மொத்தமாக மாற்றினாள். சரியாக முடிந்தால் அடுத்த திட்டத்துக்கு அவளே தலைவி என்று மேலாளர் ரேத்தோ சொல்லியிருந்தார்.

கட்டளை எல்லாவற்றையும் கொண்டுபோகும், கடவுச்சொற்களைத் தவிர. அவற்றைக் கையால் இட்டு, தகவல் போகும் ஒவ்வொரு தடத்தையும் சோதிக்கவேண்டும். சோலோதுர்ன் கிளையிலிருந்து தினேசன் தொலைபேசியில் உதவினார்.

“பிள்ளை, மீன் பெட்டி இஞ்ச பூனைச் சாப்பாடு எண்டு வருது. மாத்தினனியோ?”

“ஓம்.”

“இப்ப மீன் மீனாத்தான் வருது. அடுத்ததை விடுறியோ?”

“ஓம்.”

“கண்ணை மூடிக்கொண்டோ வேலை செய்யிறாய்?”

“ஓம் அண்ணை, ஓம். கண் எரியுது.”

வாசலில் ரேத்தோ நின்றார். அவள் காதுக்குள் இருந்த தொலைபேசிக் கருவி அவருக்குத் தெரியவில்லை. மூடிய கண்களும் கறுப்புத் திரையும் ‘ஓம்’ என்ற ஒலியும்தான் தெரிந்தன. சனிக்கிழமைகளில் யோகா வகுப்புக்குப் போகிறவர், சத்தமில்லாமல் பின்வாங்கினார்.

மறுநாள் கூட்டத்தில், “ஒரு தகவல்கூடத் தொலையவில்லை. நிலோஜினியின் தியானத்துக்கு நன்றி,” என்றார். அடுத்த திட்டத்தின் தலைமைப் பொறுப்பு சக பொறியாளர் உர்ஸுக்கு. அவர் அந்த வாரம் முழுக்கப் பனிச்சறுக்கில் இருந்தவர். நிலோஜினிக்கு வியாழன் மதியம் எல்லோருக்கும் தியான வகுப்பு எடுக்கும் வேலை.

“நான் சொன்ன ‘ஓம்’ மந்திரம் இல்லை. எங்கள் பேச்சில் ‘ஆம்’ என்று அர்த்தம்,” என்றாள் அவள்.

“பிரபஞ்சத்துக்கே ஆம் சொல்கிறீர்கள். எவ்வளவு ஆழம்,” என்றார் ரேத்தோ.

வியாழக்கிழமை எல்லோரும் பாயோடு வந்தார்கள். நிலோஜினி தன் கறுப்புத் திரையைச் சுவரில் விழவைத்து, ஒவ்வொரு கட்டளையாக ஓட்டிக்காட்டினாள். நடுவில் நிறுத்தி, “கடவுச்சொற்கள் வரவில்லை. இப்போது என்ன செய்வீர்கள், உர்ஸ்?” என்று கேட்டாள்.

உர்ஸ் கண்களை மூடிக்கொண்டார்.

தலைமைப் பொறுப்பை மறுபடி யோசிப்பதாக ரேத்தோ சொன்னார். இன்னும் யோசிக்கிறார். அவருடைய ஞானோதயத்துக்காக நீங்கள் காத்திருக்கவேண்டாம். நாளை உங்கள் மேலாளர் ஒருத்தியின் உழைப்புக்கு வேறெதற்கோ நன்றி சொன்னால், கூட்டத்திலேயே எழுந்து, அவள் செய்த வேலை என்ன என்று எல்லோர் முன்னாலும் கேளுங்கள்.