பூட்டிக் கிடந்த வாக்கிடாக்கிகள்

செகந்திராபாத் பக்கம் ஹப்சிகுடாவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் அரை டஜன் பழைய வாக்கிடாக்கிகள் கிடந்தன. அவற்றை ஒதுக்கிவிட்டுத்தான் தட்டு வைக்க வேண்டும். பங்குனி உத்திரம் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை.

ஊரிலுள்ள தமிழ்க் குடும்பத்தார் நாங்கள் வருடாவருடம் மெட்டுகுடா ரயில்வே குடியிருப்பில் கூடி, காவடியும் பால்குடமுமாக முருகன் கோயிலுக்கு நடப்போம். போன வருடம் அந்தக் கூட்டத்தில் என் மகள் காணாமல் போனாள். தொண்டர்கள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். மேளச் சத்தத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை. கடைசியில் ஒரு வாழைப்பழ வண்டியின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எல்லோருக்கும் தெரியட்டும் என்று வண்டிக்காரர்தான் தூக்கி உட்காரவைத்திருந்தார். அன்றைக்குப் பிடித்த பயம் என்னை இன்னும் விடவில்லை.

பிள்ளை கிடைத்ததற்கு நேர்ந்துகொண்டு என் மனைவி இந்த வருடம் பால்குடம் எடுக்கிறாள். தலையில் குடம் இருந்தால் பிள்ளையின் கையைப் பிடிக்க முடியாது. கடைசி வரிசையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆகவே மகள் அவள் சித்தியோடு நடக்க வேண்டும். சித்தி நல்லவள்தான், ஆனால் பத்தடிக்கு ஒருமுறை நின்று செல்ஃபி எடுப்பாள். இதற்காகத்தான் செகந்திராபாத்தில் ஒரு கடையில் பழைய வாக்கிடாக்கிகளை வாங்கிவந்தேன். உரிமம் வேண்டாத அலைவரிசைக்கு அவற்றை மாற்றி, தொண்டர்களுக்கு ஆளுக்கொன்று கொடுப்பது என் திட்டம்.

மடிக்கணினியில் இணைத்ததும் பாஸ்வேர்ட் கேட்டது. இவற்றை முன்பு வைத்திருந்தவர் போட்ட பூட்டு. அது இல்லாமல் உள்ளே இருப்பதைப் பார்க்கவும் முடியாது, மாற்றவும் முடியாது.

எங்கள் வாட்ஸப் குழுவில் பாதிப்பேர் மென்பொருள்காரர்கள். விஷயத்தைச் சொன்னதுதான் தாமதம், ஆளாளுக்குக் கிளம்பிவிட்டார்கள். எல்லாம் பூஜ்யம் போட்டுப் பார் என்றார் ஒருவர். அட்மின் என்று அடி என்றார் இன்னொருவர். குகட்பள்ளி நண்பர் ஒருவர் பாஸ்வேர்டைத் தேட ஒரு நிரலே எழுதி அனுப்பினார். அது பகல் முழுக்க ஓடி மடிக்கணினியைச் சூடாக்கியதுதான் மிச்சம். திருவிழாவையே மறந்துவிட்டு எல்லோரும் பூட்டையே நோண்டிக்கொண்டிருந்தோம்.

"பிள்ளையப் பாத்துக்கிடச் சொன்னா, பழைய இரும்புக் கடைய வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்கீய" என்றாள் மனைவி. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் அசரவில்லை. "பாஸ்வேர்டா? மேரெகு க்யா மாலூம் சாப்? ஆன் ஹோ ரஹா நா?" என்றார். தனக்கென்ன தெரியும், ஆன் ஆகிறதல்லவா என்கிறார். ஆகிறது என்றேன். "ஹவ்! ஃபிர் கைக்கு பரேஷான்?" என்றார். ஆகிறதென்றால் பிறகென்ன கவலையாம். சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கத் திரும்பினார்.

ஆன் ஆனதுதான் வம்பு. வீட்டுக்கு வந்து ஒன்றை முடுக்கினேன். கரகரவென்று ஒரு தெலுங்குக் குரல், லாரியை உள்ளே விடு என்று யாரிடமோ சொன்னது. பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"அது யாரோ பொழப்புக்குப் பேசுற லைன் தம்பி. அதுல பூந்து நாம காவடியப் பத்திப் பேசக் கூடாது. உடைக்கிற வேலையையும் விட்டுரு. ரசீதோட, இதத் தயாரிச்ச கம்பெனிக்கு அனுப்புனா ஒருவேளை தொறந்து குடுப்பாங்க. ஆனா உத்திரத்துக்குள்ள நடக்காது" என்றார்.

எனக்கு அத்தனையையும் தூக்கித் தெருவில் எறியலாம் போலிருந்தது. மேசைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தபோது மகள் பள்ளியிலிருந்து வந்தாள். நாங்கள் தமிழில் பேசினால் நன்றாகப் புரிந்துகொள்வாள், பதில் மட்டும் தெலுங்கில்தான் வரும். ஒரு வாக்கிடாக்கியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, இதி நா கோசமேனா?" என்றாள்.

"ஒனக்காகத்தான். நீ தொலைஞ்சு போயிறக் கூடாதுல்லா" என்றேன்.

அவள் பொத்தானை அமுக்கிக்கொண்டே, "ஆ அங்குல் நீ நம்பர் அடிகாடு. நாக்கு தெலீது" என்றாள்.

அந்தப் பழவண்டிக்காரர் அப்பாவின் நம்பரைக் கேட்டிருக்கிறார். இவளுக்குத் தெரியவில்லை. ஒரு வருடமாக நாங்களும் இதைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அங்கேயே உட்காரவைத்து என் நம்பரைச் சொல்லிக்கொடுத்தேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள். அம்மா நம்பர் என்ன என்று அடுத்துக் கேட்டாள். நான் என் போனை எடுத்து அதில் தேடினேன். "பொண்டாட்டி நம்பரு தெரியாது. இதுல வயர்லெஸ் வேற" என்று அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது.

உத்திரத்தன்று வாக்கிடாக்கிகளை மேசைமேலேயே விட்டுவிட்டு, போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கடைசி வரிசையில் நடந்தேன். நின்றால் பதற்றம், நடந்தாலும் பதற்றம். தண்ணீர் கேட்டவரிடம்கூட எரிந்துவிழுந்தேன். பாதி வழியில், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. உடனே எடுத்துக் காதில் வைத்தேன்.

"அப்பா, நேனே. எக்கட உன்னாவ்?"

நான்தான், எங்கே இருக்கிறாய் என்கிறாள். நீ எங்கே என்று கத்தினேன். மோர்ப் பந்தலில் இருக்கிறாளாம், சித்தியும் பக்கத்தில்தானாம். மோர் ஊற்றுகிறவரிடம் போனைக் கேட்டு வாங்கி, தானே நம்பரை அழுத்தியிருக்கிறாள்.

"பின்ன எதுக்குடா போன் பண்ணுன?"

திரும்பித் திரும்பிப் பார்த்தாளாம், என்னைக் காணவில்லையாம். "நுவ்வு தப்பிப்போயாவேமோ அனி பயமேசிந்தி" என்றாள். நீ தொலைந்து போய்விட்டாயோ என்று பயந்துவிட்டேன் என்கிறாள்.

நடுத்தெருவில், மேளத்துக்கு நடுவே, எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கேயே நில், அப்பா வந்துவிடுகிறேன் என்றேன். கடைசி வரிசையை யாரிடமும் ஒப்படைக்காமல் முன்னால் ஓடினேன்.