பல்லுக் காட்டப் போனவன்

எங்கள் கராஜின் சாப்பாட்டு அறையில் ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டி நிற்கிறது. அதன் கதவுதான் இங்கே வாசிகசாலை. முதலாளி டேவின் மருமகளுக்கு இப்போதுதான் மூன்று மாதம். வயிற்றுக்குள் கிடக்கும் பிள்ளையின் ஸ்கான் படம், செம்மறி ஆட்டு உருவத்தில் உள்ள காந்தத்தால் அந்தக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதற்குக் கீழே, போன மாதம் ஒரு திங்கட்கிழமை, என்னோடு வேலை செய்யும் மார்க் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டினான். "வியாழக்கிழமை வேறொரு கராஜில் எனக்கு நேர்முகப் பரீட்சை. எல்லோரும் வாழ்த்துங்கள்." வேலையை விட்டுப் போக நினைக்கிறவன், போக முதலே, அதுவும் முதலாளி பால் எடுக்கத் திறக்கிற கதவில் எழுதி ஒட்டுகிறான். முதலாளி வாசித்துவிட்டு அவன் முதுகில் தட்டினார். புதன்கிழமை முதலாளியின் மனைவி கேக் அனுப்பினார். நான் அந்தக் கேக்கைத் தின்றபடி, செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து மார்க்கின் தலையை மூன்று தரம் சுற்றி அடுப்பில் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மிளகாய் இருந்தது. அடுப்புத்தான் மின்சார அடுப்பு.

நான் இருப்பது நியூசிலாந்தின் தென் தீவில், ஆட்களைவிட மாடுகள் கூடிய ஒரு சிற்றூரில். ஆடி மாதத்தில் கை விறைக்கிற ஊர். பால் பண்ணைக்காரரின் உழவு இயந்திரங்களைத் திருத்துவது என் வேலை. இந்த வேலையை நான் யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தில் இருந்தபடியே, கைபேசியிலேயே தேடி எடுத்தேன். முகவரும் இல்லை, கள்ளப் பாதையும் இல்லை. வேலைக் கடிதம் கையில், விசா கடவுச்சீட்டில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து இறங்கியவன் நான். நெஞ்சு நிமிர்ந்தது அந்த ஒரு நாள் மட்டும்தான். ஏன் என்று சொல்கிறேன்.

நம்முடைய பழக்கம் உங்களுக்குத் தெரியும். வெளிநாடு போகிறவன் போன பிறகுதான் போவதைச் சொல்லுவான். ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டுப் படலையில் பூட்டுத் தொங்கும். ஒரு கிழமை கழித்து, நேற்றுவரை சாரத்தோடு கிணற்றடியில் நின்றவர் முகநூலில் பனிக்குள் நின்று சிரிப்பார். முதலே சொன்னால் ஊரார் கண்ணும் நாவும் பட்டு, அந்த நாவூறில் விசா குழம்பிப் போகும். இதில் சைவம், கிறிஸ்தவம், கமக்காரர், கடற்றொழிலாளர் என்ற பேதமே கிடையாது. குருநகரில் மீன் வாங்கப் போனால்கூட, வழக்கமாக வாங்கும் ஆள் திடீரென்று காணாமல் போயிருப்பார். பக்கத்தில் இருப்பவர் "தெரியாது" என்று சொல்கிற விதத்திலேயே எந்த நாடு என்று விளங்கிவிடும்.

நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்தில், வேலை தேடுகிற பெரியவர்களுக்கு ஆங்கிலம் பேசப் பழக்கும் வகுப்பு நடந்தது. அங்கே இரகசியமாகச் சேர்ந்தேன். முதல் நாளே முன் வாங்கில் எங்கள் ஊர்ச் சங்கக் கடை முகாமையாளர் இருந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் வெளிறிவிட்டது.

"மகளை ரியூசனுக்கு விட வந்தனான், தம்பி."

"ஓம் அண்ணை, நானும்தான்."

அவருக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள். என் பிள்ளைக்கு நாலு வயது. அதன் பிறகு மூன்று மாதம் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து "வட் இஸ் யுவர் நேம்" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டோம். வெளியே சந்தையில் கண்டால் மழையைப் பற்றித்தான் கதைப்போம். அந்த வகுப்பில் இருந்த முப்பது பேரும் அப்படித்தான். ஒரு ஊரே ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தது.

சூட்கேஸை யாழ்ப்பாணம் ரவுணில் வாங்கி, யூரியாப் பைக்குள் திணித்து, இரண்டு சில்லு உழவு மெசினின் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். நல்லூர்க் கோவிலில் அர்ச்சனைக்கு என் பெயரையும் நட்சத்திரத்தையும் உரக்கச் சொன்னால் பின்னால் நிற்பவர் கேட்டுவிடுவார் என்று சுவாமி பெயருக்கே அர்ச்சனை செய்தேன். விசா முருகனுக்குக் கிடைக்காமல் எனக்குக் கிடைத்தது அவருடைய பெருந்தன்மை.

"பிளேன் ஏறி இருந்தாப்பிறகுதான் சொல்லுவம். ஒருத்தருக்கும் மூச்சு விடாதையுங்கோ," என்றாள் மனைவி வசந்தி.

"பாலனுக்குமே?"

"பாலன் அண்ணைக்கு எண்டால் ஊருக்கே சொன்ன மாதிரி."

அது அநியாயம். பாலன் வாய் திறக்காதவன். கொடிகாமச் சந்தைக்குப் பக்கத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து பதினொரு வருடம் கராஜ் நடத்தினோம். பலகையில் இரண்டு பெயர். நான் வாடிக்கையாளரோடு கதைப்பேன், பற்றுச்சீட்டு எழுதுவேன், பகிடி விடுவேன். பாலன் திருத்துவான். எஞ்சினை இயக்கிவிட்டு, கண்ணை மூடி, கழுத்தைச் சற்றுச் சரித்துக் கேட்பான். பிறகு ஒரு வசனம் சொல்லுவான். அது பிழையானதை நான் கண்டதில்லை. வெளிநாடு போக வேண்டும் என்ற ஆசையும் என்னைவிட அவனுக்குத்தான் கூட. முகவர்களை நம்பி மூன்று தரம் வெளிக்கிட்டு, மூன்று தரமும் இடையில் பிடிபட்டுத் திரும்பி வந்தவன். மூன்றாம் தரம் திரும்பி வந்த அன்று, அவனைக் கண்டு ஊரார் சிரித்த சிரிப்பை நான் பார்த்திருக்கிறேன். பகிடிக்காரன் என்று நானும் கொஞ்சம் சேர்ந்து சிரித்தேன்.

டேவ் நேர்முகத்துக்கு முதல் ஒரு சோதனை வைத்தார். ஒரு உழவு இயந்திரத்தின் ஒலிப்பதிவை அனுப்பி, என்ன வருத்தம் என்று கண்டுபிடிக்கச் சொன்னார். நான் ஏழு தரம் கேட்டேன். எனக்கு உழவு இயந்திரம் ஓடுகிறது என்பது மட்டும் விளங்கியது. மத்தியானம் பாலன் சோற்றுப் பார்சலை விரித்தபோது மெதுவாகப் போட்டுக் காட்டினேன்.

"சித்தப்பாவின்ரை மகன் கனடாவிலையிருந்து அனுப்பினவன். என்னெண்டு தெரியேல்லையாம்."

பாலன் கையில் சோற்றை உருட்டியபடி கண்ணை மூடினான்.

"இன்ஜெக்டர் ஒண்டு ஒழுகுது. பம்பைக் கழட்ட வேண்டாமெண்டு சொல்லு. கழட்டினால் ரெண்டு நாள் வீண்."

அதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். மறுநாள் வீடியோ அழைப்பில் டேவ் சிரித்தார். அவருடைய ஆட்கள் பம்பைக் கழற்றி இரண்டு நாளை வீணாக்கிய பிறகுதான் இன்ஜெக்டரைக் கண்டுபிடித்தார்களாம். எனக்கு அந்த இடத்திலேயே வேலை. அழைப்பை வைக்கப்போகும் நேரத்தில் அவர் ஒரு கேள்வி கேட்டார். "எனக்கு இரண்டு பேர் வேண்டும். உன்னைப்போல் இன்னொருவரை உனக்குத் தெரியுமா?"

நான் வீட்டின் பின்னறையில், கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். "நோ சேர். நோ வன்," என்றேன்.

வசந்தி சொன்னபடி வாயை மூடினேன் என்று இத்தனை நாளும் எனக்கே சொல்லி வந்தேன். போய் இறங்கிய பிறகு பாலனைக் கூப்பிடலாம், இடம் எங்கே ஓடிப் போகப்போகிறது என்றும் சொல்லிக்கொண்டேன். நாவூறுக்குப் பயந்தது உண்மை. ஆனால் அதற்குப் பின்னால் இன்னொரு பயமும் குந்திக்கொண்டிருந்தது. பாலனின் காதை டேவ் ஒரு தரம் அறிந்துவிட்டால், பிறகு என் வாய் அவருக்கு எதற்கு?

போகிற நாள் காலை பாலனே என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி, ஏ ஒன்பது வீதியில் கொழும்பு பஸ்ஸுக்குக் கொண்டுவந்து விட்டான். சூட்கேஸ் முதல் நாளே மைத்துனரின் வான் வண்டியில் போய்விட்டது. என் கையில் ஒரு துணிப்பை மட்டும். கொழும்பில் வைத்தியரிடம் பல்லுக் காட்டிவிட்டு நாலு நாளில் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவன் நம்புவதற்காக இரண்டு நாளாகக் கன்னத்தைப் பொத்திக்கொண்டே வேலை செய்தேன். பஸ் வரும்போது பாலன் சட்டைப் பையிலிருந்து நோவுக்குளிசை அட்டை ஒன்றை எடுத்துத் தந்தான்.

"பிடுங்க விடாதை மச்சான். அடைக்கச் சொல்லு. பிடுங்கினால் பக்கத்துப் பல்லும் ஆடும்."

அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு குளிசையும் எடுக்கவில்லை.

வந்து இறங்கி மூன்றாம் நாள் அவனுக்கு அழைத்தேன். நியூசிலாந்தில் நிற்கிறேன், வேலை கிடைத்துவிட்டது என்று ஒரே மூச்சில் சொன்னேன். மறுமுனையில் யாரோ சுத்தியலால் தட்டும் சத்தம் கேட்டது. அது நின்றது.

"அப்ப பல்லு?" என்றான்.

"பல்லுக்கு ஒண்டுமில்லை மச்சான். அது சும்மா சொன்னனான். நீ யோசியாதை, இஞ்சை இன்னொரு இடம் இருக்கு. உன்னைக் கூப்பிடுறன்."

அன்றே டேவிடம் ஓடினேன். எனக்கு ஒரு நண்பன் இருக்கிறான், என்னைவிட நூறு மடங்கு கெட்டிக்காரன் என்றேன். அவர் குழம்பிப் போனார். "நான் உன்னிடம் கேட்டேனே. ஒருவரும் இல்லை என்றாயே," என்றார். அந்த இடத்துக்குப் பிலிப்பைன்ஸிலிருந்து ஜோயல் என்றொருவரை எடுத்துவிட்டாராம். நம்முடைய பழக்கத்தை விளக்கப் பார்த்தேன். சொன்னால் கெட்டது நடக்கும் என்பதற்காக நண்பர்களிடம் சொல்லமாட்டோம் என்றேன். நண்பர்களே எனக்குக் கெடுதல் செய்வார்கள் என்று டேவ் விளங்கிக்கொண்டார். பாவம், யாரையும் நம்ப முடியாத நாட்டிலிருந்து தன்னந்தனியாகத் தப்பி வந்தவன் என்று என்னை எல்லோருக்கும் அறிமுகம் செய்தார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் எனக்கு அவர் வீட்டில் சாப்பாடு. அந்த இரக்கத்தை ஆட்டிறைச்சியோடு சேர்த்து விழுங்குகிறேன். மறுக்கவும் ஆங்கிலம் போதவில்லை.

பாலனுக்கு மறுபடி அழைத்து, இடம் போய்விட்டது என்றேன்.

"எப்ப ஆள் கேட்டவங்கள்?"

"நேர்முகத்திலை."

"நீ என்ன சொன்னனி?"

பகிடிக்காரனுக்கு அப்போது ஒரு பகிடியும் வரவில்லை. "ஒருத்தரும் இல்லையெண்டு," என்றேன்.

"சரி, வை. ஆக்கள் வந்து நிக்கினம்."

அதன் பிறகு அவன் என்னோடு கதைத்ததில்லை. வருடப் பிறப்பு வாழ்த்துக்கும் மன்னிப்புக்கும் பதில் இல்லை. ஆனால் ஒரு எஞ்சின் எனக்குப் பிடிபடாமல் போய், சத்தத்தைப் பதிந்து அனுப்பினால் மட்டும் பதில் வரும். "வால்வு இடைவெளி பார்." "டீசலிலை தண்ணி." அவ்வளவுதான். எனக்காகச் சொல்லவில்லை, எஞ்சின் பாவம் என்று சொல்கிறான். இங்கே டேவும் ஜோயலும் என்னைப் பெரிய கெட்டிக்காரன் என்கிறார்கள். அதைக் கேட்கும்போது நான் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொள்வேன்.

அதனால்தான் மார்க்கின் துண்டுக் காகிதத்துக்காக நான் முருகனைக் கும்பிட்டேன். மார்க் போனால் ஒரு கதிரை காலியாகும். இம்முறை மார்க்கின் பெயரையே சொல்லிக் கும்பிட்டேன், நட்சத்திரம்தான் தெரியாது. அவனுக்கு வேலை கிடைத்தது. அவ்வளவு பேருக்குச் சொல்லியும் ஒரு நாவூறும் படவில்லை. டேவ் என்னிடம் வந்து, "உன் நண்பன் இன்னும் இருக்கிறானா?" என்று கேட்டார். பாலனைப் பற்றி அரை மணி நேரம் கதைத்தேன். ஒலிப்பதிவைக் கேட்டுச் சொன்னது யார் என்பதையும் சொல்லிவிட்டேன். டேவ் கையிலிருந்த ஸ்பானரை மேசையில் வைத்தார். பிறகு, "அப்படியானால் அவனைக் கட்டாயம் கூப்பிடு," என்றார்.

அன்று மாலை, கொடிகாமத்தில் முற்பகல். நான் அழைத்தால் பாலன் எடுக்கமாட்டான். ஆகவே அவசரமாக ஒரு எஞ்சின் சத்தம் கேட்க வேண்டும் என்று செய்தி அனுப்பினேன். உண்மையைச் சொல்லவும் எனக்கு ஒரு பொய் தேவைப்படுகிறது. எடுத்தான்.

"மச்சான், எஞ்சின் ஒண்டுமில்லை. வைக்காதை. இஞ்சை ஒரு இடம் வந்திருக்கு. உன்ரை பெயரைச் சொல்லிப்போட்டன். முதலாளி ஓமெண்டிட்டார். நீ கடவுச்சீட்டை மட்டும் எடு."

 அவனுக்குப் பின்னால் சந்தை இரைந்தது. யாரோ ஒரு வயதான வாடிக்கையாளர், "ஆரடாப்பா போனிலை?" என்று கேட்டது தெளிவாகக் கேட்டது.

"இவன் எங்கடை கேதீஸ், அண்ணை. கொழும்பிலை நிக்கிறான். பல்லுக் காட்டப் போனவன்."

"என்னடா, போய் ஒரு வருசம் வரப்போகுது. இன்னும் முடியேல்லையே?"

"சொத்தை ஆழமாம், அண்ணை. வேர் வரைக்கும் போட்டுதாம்."

அந்த மனிதர் சிரித்தார். பாலன் சிரிக்கவில்லை. பிறகு போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து, எஞ்சினைக் கேட்டுச் சொல்லும், பிழையாகாத அந்தக் குரலில் எனக்குச் சொன்னான்.

"எனக்குப் பல்லிலை ஒரு குறையும் இல்லை, மச்சான்."

வைத்துவிட்டான்.

பிள்ளையோடு ஊரிலேயே இருக்கும் வசந்தியிடம் போனில் கேட்டேன். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் அவன் அப்படித்தான் சொல்கிறானாம். நான் நியூசிலாந்தில் என்பது ஊருக்கே தெரியும். இருந்தும் அவன் வாயால் அது ஒரு நாளும் வந்ததில்லையாம். பலகையில் என் பெயரையும் அவன் அழிக்கவில்லை. பல்லுக் காட்டிவிட்டு நாலு நாளில் வருகிறேன் என்று நான் சொன்னதை, நான் கைவிட்ட பிறகும், அவன் ஒருவன் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான்.

திங்கட்கிழமை டேவ் கேட்டார். நண்பனுக்கு வர விருப்பமில்லை என்றேன். அவர் தலையை ஆட்டி, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முந்தியே வந்துவிடு என்றார். பிறகு கராஜுக்கு ஆள் தேவை என்று ஒரு காகிதத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். நான் அதன் முன்னால் தேநீரோடு நின்றேன். இந்த ஊரின் சம்பளப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது, விசா இருக்கிறது, சப்பாத்தில் இந்த ஊர்ச் சேறு இருக்கிறது. ஆனால் கொடிகாமத்துக் கணக்கில் நான் இன்னும் இங்கே வந்து சேரவில்லை. கொழும்பில், ஏதோ ஒரு பல் வைத்தியரின் சாய்கதிரையில், ஒரு வருடமாக வாயைத் திறந்தபடி மல்லாந்து கிடக்கிறேன். எழும்பிப் போகலாம் என்று ஒருவரும் இன்னும் சொல்லவில்லை.