காதுக்கு ஒரு நிறம்

2010இல் நாங்கள் கடலூர் செம்மண்டலத்தில் குடியிருந்தோம். வீட்டில் சுடுமண் கம்மல்கள் செய்து, சனிக்கிழமைகளில் சிதம்பரம் கீழவீதியில் விற்பேன். வாங்க வருகிறவர்களுக்கு வண்ணம் காட்டுவதற்காக ஒரு காதில் பச்சையும் மறு காதில் சிவப்பும் போட்டுக்கொள்வேன். விற்பனை முடிந்ததும் ஒன்றைக் கழற்றி, ஜோடியாக மாற்றிக்கொள்வது வழக்கம்.

ஒரு சனிக்கிழமை மாற்றவில்லை. சென்னையில் வேலை பார்த்த கணவர், நான் பலமுறை வரச்சொல்லிக் கேட்ட பிறகு, அன்று நேராகக் கடைக்கே வந்திருந்தார். அவராகப் பார்த்துச் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். ஓட்டலில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். ஆபீஸ் கதைகள் நிறையச் சொன்னார். கம்மலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாளும் அதே கம்மல்களோடுதான் பிச்சாவரத்தில் படகு ஏறினேன்; அவரும் கூட இருந்தார். துடுப்புப் போட்டவர் என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"என்னக்கா, காதுக்கு ஒரு கலரா? அண்ணன் சொல்லவே இல்லியா?"

கணவர் அப்போதுதான் திரும்பினார். "அட, ஆமா. காலைல அவசரத்துல மாத்திப் போட்டுட்டியா?"

"ஆமா மாமா, அவசரத்துல" என்றேன்.

இருவரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு அவர்கள் சென்னை மழையைப் பற்றிப் பேசினார்கள். நான் சுரபுன்னை வேர்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மாலையில் சென்னை பஸ் ஏறும்போது, "அடுத்த வாரமும் வரேன்" என்றார்.

"வேல இருந்தா பரவால்ல மாமா" என்றேன்.